கூடாரத்தில் ஓர் இரவு: கொண்டாட்டமா? திண்டாட்டமா?

“இந்த லீவுக்கு மலைக்குப் போவோம். ஓட்டல் வேண்டாம். கூடாரம் போட்டுத் தங்குவோம்!” என்கிறார் அப்பா.

பையன் துள்ளிக் குதிக்கிறான். “நெருப்பு மூட்டலாமா அப்பா? நட்சத்திரம் பார்க்கலாமா?” என்று கேட்கிறான்.

அம்மாவின் முகம் சுருங்குகிறது. “ராத்திரியில் அவசரம் என்றால் எங்கேங்க போவது?” என்கிறார்.

பாட்டி வெற்றிலையை மடித்தபடியே ஒரு போடு போடுகிறார். “நல்ல வீடு இருக்கு. கட்டில் இருக்கு. வீடு வாசல் இல்லாதவங்க மாதிரி எதுக்குப்பா காட்டில் போய்ப் படுக்கணும்?”

இப்படிப்பட்ட பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. கொரோனா காலத்துக்குப் பிறகு கூடாரச் சுற்றுலாவுக்கு மவுசு கூடிவிட்டது. மலைச் சரிவுகளிலும், எஸ்டேட் ஓரங்களிலும் வண்ண வண்ணக் கூடாரங்கள் முளைத்துவிட்டன. அவற்றின் படங்கள் செல்போனில் வருகின்றன. பார்த்தவர்களுக்கு ஆசை பிறக்கிறது.

ஒரே கூடாரம்தான். ஒரே இரவுதான். ஒருவருக்கு அது சொர்க்கம். இன்னொருவருக்கு அது நரகம். ஏன் இந்த வேற்றுமை?

“தைரியசாலி விரும்புகிறான், பயந்தாங்கொள்ளி ஒதுங்குகிறான்” என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. விஷயம் அவ்வளவு எளிது அல்ல. பார்ப்போம்.

பாதிரியார் கிளப்பிய ஆசை

முதலில் ஒரு பழைய கதை. உண்மைக் கதை.

அமெரிக்காவில் பாஸ்டன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே மர்ரே என்று ஒரு பாதிரியார் இருந்தார். நியூயார்க் மாநிலத்தில் உள்ள அடிராண்டாக் என்ற மலைக்காட்டுக்கு அவர் அடிக்கடி போவார். ஏரியில் படகு விடுவார். மீன் பிடிப்பார். திறந்த வெளியில் தூங்குவார்.

1869-ம் ஆண்டில் அவர் ஒரு புத்தகம் எழுதினார். “காட்டுக்கு வாருங்கள். அங்கே காற்றே மருந்து” என்பது அதன் சாரம். புத்தகம் சக்கைப் போடு போட்டது.

அந்தக் கோடையிலேயே ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பணக்காரர்கள் போனார்கள். குடும்பப் பெண்கள் போனார்கள். காச நோயாளிகள்கூடப் போனார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? அந்த ஆண்டு கோடையில் மழை கொட்டியது. குளிர் வாட்டியது. கடிக்கும் ஈக்கள் மொய்த்தன. படகு ஓட்டவும், வழி காட்டவும் போதிய ஆட்கள் இல்லை. தங்க இடமும் இல்லை. பலர் நொந்துபோய்த் திரும்பினார்கள்.

அவர்களுக்கு ஒரு பட்டப் பெயரும் கிடைத்தது. “மர்ரேயின் முட்டாள்கள்” என்று பத்திரிகைகள் கேலி செய்தன!

ஆனால் எல்லோருமே நொந்து திரும்பவில்லை. சிலருக்கு அந்தக் காடு பிடித்துவிட்டது. மறு ஆண்டும் போனார்கள். அதன்பின் ஆண்டுதோறும் போனார்கள்.

பார்த்தீர்களா? ஒரே காடு. ஒரே மழை. ஒரே ஈ. சிலருக்குப் பிடித்தது. சிலருக்குப் பிடிக்கவில்லை. உல்லாசத்துக்காகக் கூடாரம் போடும் பழக்கம் பரவத் தொடங்கிய அந்த நாளிலேயே இந்த இரண்டு கட்சியும் தோன்றிவிட்டன.

தையற்காரர் தைத்த கூடாரம்

இங்கிலாந்தில் ஹோல்டிங் என்று ஒரு தையற்காரர் இருந்தார். சிறு வயதில், 1853-ம் ஆண்டில், பெற்றோருடன் அமெரிக்கச் சமவெளியை வண்டியில் கடந்தவர். வண்டிக் கூட்டத்தோடு வெட்ட வெளியில் இரவைக் கழித்தவர். குடியேறப் போன குடும்பங்களின் பயணம் அது. உல்லாசப் பயணம் அல்ல.

வளர்ந்தபின் அதையே அவர் பொழுதுபோக்காக மாற்றினார். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு லேசான கூடாரம் செய்தார். 1901-ம் ஆண்டில், சைக்கிளில் போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 1908-ம் ஆண்டில் கூடாரவாசிகளுக்கு ஒரு கைப்புத்தகமும் எழுதினார்.

1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இன்னொரு முகாம் நடந்தது. பேடன் பவல் என்ற படை அதிகாரி, பிரவுன்சீ என்ற சிறு தீவுக்குச் சுமார் 20 பையன்களை அழைத்துப் போனார். அதில் பணக்காரப் பள்ளிப் பையன்கள் இருந்தார்கள். தொழிலாளி வீட்டுப் பையன்களும் இருந்தார்கள். எல்லோரும் கூடாரங்களில் படுத்தார்கள். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். சாரணர் இயக்கம் அங்கேதான் பிறந்தது.

நமக்கு இது புதிதா?

“இது வெள்ளைக்காரன் பழக்கம்” என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை.

நம் தாத்தா காலத்தில் குலதெய்வம் கும்பிட எப்படிப் போனார்கள்? வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அரிசி, பருப்பு, அண்டா, குண்டா எல்லாம் வண்டியில் ஏறும். கோவில் பக்கத்துப் புளியந்தோப்பில் வண்டியை அவிழ்த்துவிடுவார்கள். கல் மூன்றைக் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். இரவு வண்டிக்கு அடியில் ஜமக்காளம் விரித்துத் தூங்குவார்கள்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமத்து மக்கள் இப்படித்தான் வந்தார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இன்றும் சாலையோரச் சத்திரத்திலும், மரத்தடியிலும் படுக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஏன்? அங்கே நாலு பேர் துணை இருக்கிறது. வழி தெரிந்த வழி. இடம் தெரிந்த இடம். எத்தனை நாள் என்பதும் முன்கூட்டியே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் போகிறோம் என்பது தெரியும்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஏன் பிடிக்கிறது?

கூடாரத்தை விரும்புகிறவர்கள் சொல்வது வெறும் கற்பனை அல்ல. அதில் உண்மை இருக்கிறது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம்.

வீட்டில் பகலில் வெயில் படாமல் இருக்கிறோம். இரவிலோ பளிச்சென்று விளக்கு எரிகிறது. டெலிவிஷன் ஓடுகிறது. கையில் செல்போன் மின்னுகிறது. கடிகாரம் குழம்பிப் போகிறது.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 8 பேரை ஒரு வாரம் மலையில் கூடாரத்தில் தங்க வைத்தார்கள். டார்ச் விளக்குகூடக் கிடையாது. சூரியனும், அடுப்பு நெருப்பும்தான் வெளிச்சம். முடிவு 2013-ம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுடைய உடம்புக் கடிகாரம் சுமார் 2 மணி நேரம் முன்னுக்கு வந்திருந்தது. இரவில் சீக்கிரம் தூக்கம் வந்தது. சூரியனோடு விழிப்பு வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டணத்தில் அப்பா ஒரு மூலை. அம்மா ஒரு மூலை. பிள்ளைகள் ஒரு மூலை. ஆளுக்கு ஒரு செல்போன். கூடாரத்தில் மூலையே இல்லை! எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். பேசியாக வேண்டும். கதை சொல்லியாக வேண்டும்.

சிறுவர்களுக்கு அது பெரிய விருந்து. கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டும் பையனுக்கு, “நான் கட்டிய வீடு” என்ற பெருமை பிறக்கிறது. அந்தப் பெருமையை எந்த ஓட்டல் அறையும் கொடுக்க முடியாது.

ஏன் பிடிக்கவில்லை?

இப்போது மறு கட்சியின் பேச்சைக் கேட்போம்.

“புது இடத்தில் எனக்குத் தூக்கம் வராது” என்று சிலர் சொல்கிறார்கள். அது சாக்கு அல்ல. உண்மைதான்.

அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2016-ம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் நாள் படுக்கும்போது, மூளையின் ஒரு பாதி நன்றாகத் தூங்குவது இல்லையாம். இடது பாதி காவல்காரன் மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறது. சிறு சத்தம் கேட்டாலும் எழுப்பிவிடுகிறது. அடுத்த முறை அதே இடத்தில் படுத்தால் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது.

ஆகவே, ஒரே ஓர் இரவு கூடாரத்தில் படுத்துவிட்டு, “சீ, வேண்டாம்” என்று வருகிறவர்கள், மோசமான இரவை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்!

பிறவிக் குணத்திலும் வேற்றுமை உண்டு. சக்கர்மன் என்ற அமெரிக்க மனநூல் அறிஞர், 1964-ம் ஆண்டில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். சிலருக்குப் புதுப்புது அனுபவம் வேண்டும். திகில்கூட இனிக்கும். சிலருக்குப் பழகியதே சுகம். இதை அளந்து பார்க்கலாம் என்று அவர் காட்டினார். இரண்டுமே நல்ல குணம்தான். ஒன்று உயர்த்தி, ஒன்று தாழ்த்தி அல்ல.

பூச்சி, பொட்டு பயமும் வீண் பயம் அல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்தால் வலிகூட அதிகம் தெரியாது. விஷமோ கடுமையானது.

புதர்களில் ஒரு வகைச் சிற்றுண்ணி இருக்கிறது. அது கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோலக் கருப்புப் பொருக்கு சில சமயம் தெரியும். சீக்கிரம் டாக்டரிடம் போனால் மருந்தில் குணமாகும். அலட்சியம் செய்தால் ஆபத்து.

ஆகவே, பாட்டி பாம்புக்குப் பயந்தால் சிரிக்காதீர்கள். பாட்டிக்கு அனுபவம் இருக்கிறது.

அம்மாவுக்கு லீவு எங்கே?

இனி முக்கியமான ஒரு சங்கதி. இதை அப்பாக்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

கூடாரத்துக்குப் போனால் அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவுக்கு?

அடுப்பு அங்கேயும் இருக்கிறது. வீட்டில் கேஸ் அடுப்பு. இங்கே புகை அடுப்பு. வீட்டில் குழாய்த் தண்ணீர். இங்கே குடத்துத் தண்ணீர். பாத்திரம் துலக்கத் தொட்டி இல்லை. குழந்தை நனைத்த துணியைக் காயப்போடக் கொடி இல்லை.

“இயற்கையோடு வாழலாம்” என்று அப்பா சொல்கிறார். அந்த இயற்கையில் சோறு வடிப்பது யார்?

கழிப்பிடப் பிரச்சினை இன்னும் பெரிது. ஆண் பிள்ளை இருட்டில் நாலு அடி நடந்துவிட்டு வந்துவிடுவான். பெண் அப்படிப் போக முடியுமா? பயத்தில் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மாதவிலக்கு நாட்கள் என்றால் சொல்லவே வேண்டாம். கூடாரத்துக்குப் பூட்டு கிடையாது. பக்கத்துக் கூடாரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

இவ்வளவையும் நினைத்துத்தான் அம்மாவின் முகம் சுருங்குகிறது. அதற்குப் பெயர் பயம் அல்ல, பொறுப்பு.

இதே அம்மா, கழிப்பறை சுத்தமாக இருந்து, சமையலில் எல்லோரும் கை கொடுத்தால் என்ன சொல்வார்? “இன்னும் ஒருநாள் இருக்கலாமே” என்று சொன்னாலும் சொல்வார்!

விரும்பிப் போகாதவர்கள்

தமிழில் “முகாம்” என்று ஒரு சொல் இருக்கிறது. மாணவர்கள் ஊர்த்தொண்டு செய்யப் போய் 7 நாள் தங்கினால் அது முகாம். வீட்டை இழந்தவர்கள் தங்கினாலும் அது முகாம். சொல் ஒன்றுதான். ஆனால் அனுபவம் ஒன்றா?

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளைப் பாருங்கள். ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் வருகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம். அதற்குக் கூலி உண்டு. மழையோ, பனியோ, வயல்தான் அவர்களுக்கு வீடு. குழந்தைகளும் அங்கேதான். நட்சத்திரம் அவர்கள் தலைக்கு மேலும் மின்னுகிறது. ஆனால் அவர்கள் அதை உல்லாசம் என்று சொல்வது இல்லை. அது பிழைப்பு.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தில் வீடு இழந்த மீனவக் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கின. தார் அட்டைக் கொட்டகைகள். வெயிலில் உள்ளே உட்கார முடியாது. மழையில் தரை ஈரம்.

2009-ம் ஆண்டில் இலங்கையில் போர் முடிந்தது. வவுனியா அருகே மெனிக் பார்ம் முகாமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் தங்க வைக்கப்பட்டார்கள். கூடாரமும், தகரக் கொட்டகையும்தான் வீடு. சுற்றிலும் முள்கம்பி. முதல் பல மாதங்கள் விருப்பப்படி வெளியே போக முடியாது. அந்த முகாம் 2012-ம் ஆண்டு செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

அப்படி ஒரு கூடாரத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மழை இரவைக் கழித்த ஒரு தாய்க்கு, “கூடாரத்தில் தங்குவோமா?” என்ற கேள்வி எப்படி இருக்கும்? நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தைக் கேலி செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது?

இப்போது விடை கிடைத்துவிட்டது. கூடாரம் இனிப்பதற்கு மூன்று வேண்டும். நாமே விரும்பிப் போக வேண்டும். எப்போது திரும்புவோம் என்று தெரிய வேண்டும். திரும்பிப் போக ஒரு வீடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் துணி வீடு சொர்க்கம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது திண்டாட்டம்.

“வீடு வாசல் இல்லாதவங்க மாதிரி” என்று பாட்டி சொன்னாரே, அதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது பாருங்கள்!

உயிர் குடித்த இரவுகள்

விருப்பம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. விரும்பிப் போனவர்களும் உயிர் இழந்திருக்கிறார்கள்.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலை. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களில் இருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மலையேறப் போயிருந்தார்கள். பலர் இளம்பெண்கள். கோடைக் காய்ச்சலில் புல் சருகாகக் கிடந்தது. காட்டுத் தீ பிடித்தது. காற்று அதைச் சுழற்றி அடித்தது. தப்பி ஓட வழி தெரியவில்லை. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் காயம்பட்டவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். மொத்தம் 23 பேர் பலி.

2021-ம் ஆண்டு ஜனவரி மாதம். கேரளாவில் வயநாடு மாவட்டம் மேப்பாடி. காட்டோரமாக இருந்த ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கப் போனார் ஓர் இளம் ஆசிரியை. இரவில் யானை வந்தது. அவரைத் தாக்கிக் கொன்றது. அதன்பிறகுதான் அனுமதி இல்லாத கூடாரங்கள் மீது மாவட்ட நிர்வாகத்தின் பார்வை திரும்பியது.

2022-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி. மலேசியாவில் பத்தாங் காலி என்ற இடம். பள்ளி விடுமுறைக் காலம். ஒரு பண்ணையில் கூடாரம் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன் மலை சரிந்தது. மண் எல்லோரையும் மூடியது. 31 பேர் மாண்டார்கள். அந்த இடத்தில் பண்ணை நடத்த அனுமதி இருந்தது. கூடார முகாம் நடத்த உரிமம் இல்லை!

இந்த மூன்று துயரங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அங்கே மாண்டவர்கள் முரடர்கள் அல்ல. அலட்சியக்காரர்களும் அல்ல. நம்மைப்போலச் சாதாரண மனிதர்கள். “ஏற்பாடு செய்கிறவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள்” என்று நம்பினார்கள்.

பயப்படுகிறவர் என்ன கேட்கிறார்? “அங்கே தீப்பிடித்தால்?” “யானை வந்தால்?” “மழை பெய்தால்?” “யார் பொறுப்பு?” இவைதானே? விபத்துக்குப் பிறகு விசாரணை அதிகாரிகளும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதையே கிளம்பும்முன் கேட்டால் என்ன?

அரசாங்கம் செய்தது என்ன?

குரங்கணித் தீக்குப் பிறகு, 2018-ம் ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

2024-ம் ஆண்டு அக்டோபரில் இன்னொரு திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். முன்பதிவு செய்துகொண்டு போகலாம். காட்டை நன்கு அறிந்த மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகள். அவர்களுக்கு வருமானமும் கிடைக்கிறது. அந்த 40 பாதைகளில் குரங்கணியும் ஒன்று.

இது நல்ல வழி. “போகவே கூடாது” என்று தடுப்பதும் இல்லை. “எப்படியோ போய்த் தொலை” என்று விடுவதும் இல்லை.

ஆனால் இந்தத் திட்டம் நடைப்பயணத்துக்குத்தான். தனியார் நிலத்தில் இரவுக் கூடாரம் போடுகிறார்களே, அங்கேதான் இன்னும் கண்காணிப்பு வேண்டும். ஒரு துணியும், நாலு கம்பியும் இருந்தால் போதும், தொழில் தொடங்கிவிடலாம் என்ற நிலை இருக்கக் கூடாது. பத்தாங் காலி கற்பித்த பாடம் அது.

கிளம்பும்முன் கேளுங்கள்

போக ஆசைப்படுகிறவர்கள் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இடத்துக்கு அனுமதி இருக்கிறதா? காட்டு எல்லை எவ்வளவு தூரம்? யானை வரும் பாதையா?

கூடாரம் எங்கே போடுகிறார்கள்? செங்குத்துச் சரிவுக்கு அடியிலா? ஓடைப் படுகையிலா? இரண்டும் ஆகாது. இங்கே வானம் தெளிவாக இருக்கும். மேலே மலையில் மழை பெய்தால் ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும்.

கழிப்பறை இருக்கிறதா? விளக்கு இருக்கிறதா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

இரவில் கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் இழுத்து மூடுங்கள். செருப்பைக் காலில் மாட்டும்முன் உதறிப் பாருங்கள். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். அதன் மணம் விலங்குகளை இழுக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. குளிர்கிறது என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அதில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். ஆகவே அடுப்பை நம்பாமல் கம்பளியை நம்புங்கள்.

முதல் இரவு மொட்டை மாடியில்!

சரி. நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அப்பா என்ன செய்ய வேண்டும்?

அம்மாவின் கேள்விக்குக் கோபப்படக் கூடாது. பாட்டியின் பேச்சுக்குச் சிரிக்கக் கூடாது. ஒரு தாளை எடுத்து, அவர்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விடை தேட வேண்டும். விடை கிடைக்காத இடத்துக்குப் போகவே கூடாது.

வேலையையும் பங்கு போட வேண்டும். அடுப்பு அப்பாவுக்கு. தண்ணீர் பையனுக்கு. பாத்திரம் எல்லோருக்கும். அம்மாவுக்கு அன்றைக்கு லீவு!

மலைக்குப் போகும்முன், வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரவு கூடாரம் போட்டுப் பாருங்கள். மூளையின் முதல் காவல் அங்கேயே கொஞ்சம் தளரட்டும். பயந்தவர் நடு இரவில் எழுந்து கீழே போய்ப் படுத்துக்கொள்ளலாம். வெட்கம் ஒன்றும் இல்லை.

அதன்பிறகும், “எனக்கு வேண்டாம்” என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு நல்ல விடுதியில் அவர் தங்கட்டும். காலையில் எல்லோரும் சேர்ந்து சூரிய உதயம் பார்க்கலாம். சூரியன் கூடாரத்தில் தூங்கியவருக்கு ஒரு விதமாகவும், கட்டிலில் தூங்கியவருக்கு ஒரு விதமாகவும் உதிப்பது இல்லை.

ஆசைப்படுகிறவர் இல்லாவிட்டால் குடும்பம் வீட்டை விட்டே நகராது. அச்சப்படுகிறவர் இல்லாவிட்டால் குடும்பம் பத்திரமாக வீடு திரும்பாது. இருவரும் வேண்டும்.

கூடாரத்தில் படுத்தவர் கண்ணுக்கு நட்சத்திரம் தெரியலாம். ஆனால் அவர் நிம்மதியாகத் தூங்குவது எதனால் தெரியுமா? மறுநாள் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்ற தைரியத்தால்தான்!